தண்ணீருக்கு வந்த நெல் நோய்

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் 'கிழங்கக்கா' என்றுதான் கூப்பிடுவோம். பூஞ்சை வளர்க்கும் தட்டுகளில் ஊற்றும் கூழுக்காக ஒன்பது வருடமாக, நாங்கள் செய்வதையெல்லாம் கவனித்துக்கொண்டே, உருளைக்கிழங்கு வேக வைத்தவர். மேசையில் உட்கார்ந்து நோயைக் கண்டுபிடிப்பது பட்டம் வாங்கிய எங்கள் வேலை. என் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அந்தப் பிரிவினை எனக்கு ஏன் உறுத்தவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஆய்வகத் தலைவரான மேடம், மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து வெளுத்துப்போன நெல் நாற்றுகளை அக்காவிடம் கொடுத்தார்.

"என்ன நோய்னு நீயே கண்டுபிடி. சரியா வந்தா ஒரு மேசை உனக்கு."

அக்கா தண்டைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தார். ஐந்தாம் நாள் பஞ்சுபோல் பூஞ்சை வளர்ந்து, அடியில் ஊதா நிறம் தட்டியது.

"ஃபியுசேரியம்தான். ஆனா அந்தக் குடும்பத்துல எல்லாம் ஒரே ஜாடைடா. எதுன்னு டி.என்.ஏ.தான் சொல்லணும்."

டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முடிந்து, அதை ஓடவிட்ட ஜெல்லைப் புற ஊதா ஒளியில் வைத்துப் படம் எடுத்தோம். நாற்றை நெட்டையாக்கும் ஃபியுசேரியமாக இருந்தால் மட்டும் கோடு தெரியும். நாற்றின் பூஞ்சைக்கு நேரே பளிச்சென்று ஒரு கோடு. நான் கை தட்டினேன். அக்கா தட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் மட்டும் விட்ட சோதனைக் குழாய்க்கு நேரேயும் மங்கலாக அதே கோடு.

"பாருடா, தண்ணிக்கும் நெல் நோய் வந்திருச்சு!"

"படத்துல அந்த ஓரத்தை வெட்டிடலாம்க்கா."

"வெட்டிட்டு? தண்ணியிலயே இருந்தா, நாத்துல இருந்துதான் வந்துச்சுன்னு எப்படி நம்பறது?"

படத்தை எடுத்துக்கொண்டு நேரே மேடம் அறைக்குப் போனார். "இது செல்லாது மேடம். திரும்பப் போடணும்."

தோண்டித் துருவியதில் குற்றவாளி நான்தான். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த பழைய பூஞ்சையின் டி.என்.ஏ.வை நீர்க்க வைத்துக் கொடுத்தபோது, துளி உறிஞ்சும் பிப்பெட்டின் நுனியை மாற்றாமல், சோதனைக்கான தண்ணீர் இருந்த குழாயில் விட்டிருக்கிறேன்.

"டீ கலக்கின ஸ்பூனைச் சக்கரை டப்பால விடற ஆளாடா நீ?" அக்கா சிரித்தேவிட்டார்.

புதுத் தண்ணீரில் மறுபடி போட்டார். இந்த முறை தண்ணீர் சுத்தம். நாற்றுக்கும் பழைய பூஞ்சைக்கும் நேரே மட்டும் கோடு. மேடம் இரண்டு படங்களையும் பதிவேட்டில் ஒட்டினார்.

"மேசை உனக்கு. அப்போ கிழங்கு?"

அக்கா என்னைப் பார்த்தார்.

இன்று காலை தோல் சீவிக்கொண்டிருந்தேன். புது மேசையிலிருந்து, நுண்ணோக்கியை விட்டுக் கண் எடுக்காமல் குரல் வந்தது:

"டேய், கரண்டியைக் கழுவினியா?"

மூன்றாவது முறையாகக் கழுவினேன்.