தங்கையின் பாட்டும் இரண்டு லேப்டாப்பும்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை கிடையாது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் லேப்டாப் சண்டைதான். கச்சேரிகளில் அவர் கீபோர்டு, நான் ரிதம் பேட். பேடைத் தட்டினால் என்ன சத்தம் வர வேண்டும், தாளம் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை லேப்டாப்பில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நான் அதை வரி வரியாக எழுதுவேன். அவர் எழுதவே மாட்டார். திரையில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் இழுப்பார்.

“கேபிள்காரர்கூட இதவிட சுத்தமா கட்டுவாருங்க” என்பேன்.

“உன்னுது ஒரு கமா உட்டுப்போனா மொத்தமா படுத்துக்கும். என்னுதுல அந்த பேஜாரே கெடையாது. எது எங்க போவுதுன்னு கண்ணுக்குத் தெரியும்” என்பார்.

இந்த நேரத்தில்தான் திண்டிவனத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. ரிசப்ஷனில் தானே ஒரு பாட்டுப் பாடுவதாக மாப்பிள்ளையிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். பிறகுதான் பயம் வந்தது. ஒலக்கூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஏதாவது பிசகினால் புகுந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே பேச்சாகிவிடும். “அக்கா, தாளத்த நீதான் பாத்துக்கணும்” என்றாள். நானும் ராப்பகலாக எழுதினேன். வீட்டுக்காரரும் அதே தாளத்தைத் தன் லேப்டாப்பில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். “சும்மா கெடக்கட்டுமே” என்றார்.

பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, குரல் தயங்கித் தயங்கிப் பின்தங்கியது. என் தாளமோ எழுதிவைத்த வேகத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் அதை நிறுத்தி, திருத்தி, மறுபடி ஓடவிட வேண்டும். பாட்டின் நடுவில் எப்படி நிறுத்துவது?

வீட்டுக்காரர் காலடியில் ஒரு பெடல் உண்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. தன் திரையில் அந்தப் பெடலின் ஒயரைப் பிடுங்கி, வேகத்துக்கான கட்டத்தில் சொருகினார். மிக்ஸரில் என் தாளத்தை இறக்கி, அதுவரை சத்தமில்லாமல் கூடவே ஓடிக்கொண்டிருந்த தன்னுடையதை ஏற்றினார். அவள் தயங்கிய இடத்தில் காலை அழுத்தினார். தாளம் அவளுக்காக நின்று நின்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் நிமிர்ந்துவிட்டது. அவளுக்கு மாமியாராகப் போகிறவர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்.

பந்தியில் தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நல்லா எழுதியிருந்தக்கா. நான் நின்னா அதுவும் நின்னுச்சு.”

நான் வாயைத் திறப்பதற்குள், சாம்பார் வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், “உங்க அக்கா எழுதுனதுன்னா சும்மாவா” என்றார்.

அவள் எழுந்து போனதும், “ஏங்க பொய் சொன்னீங்க? கேபிள்காரர் பெருமைய எனக்கு ஏன் தர்றீங்க?” என்று கேட்டேன்.

“பாட்டு முச்சூடும் உன் தங்கச்சி உன்னையேதான் பாத்துக்கினு பாடுச்சு” என்றார்.

எனக்கு அது தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.