மார்புக்கு மட்டும் உரு இல்லையாம்

அம்மனை நம்பி வாழும் என் அக்கா தங்கைகளே, இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டதெல்லாம் போதும்.

2014 ஆடி மாதம். எங்கள் வீடு நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் நான் தைக்கிறேன். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. தொட்டால் நழுவியது. மாதவிலக்கு நெருங்கினால் கனத்து வலித்தது. நாளெல்லாம் டேப்பும் கையுமாக ஊர்ப் பெண்களுக்கு மார்பளவு எடுப்பவள் நான். என் மார்பில் கட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோள் வலி என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாவற்பழ அளவுக்கு அது வளர்ந்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாளே லீவு போட்டுக் கடலூருக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா ஊசியால் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

விஷயம் தெரிந்து என் பெரிய நாத்தனார் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"புள்ளைக்கு ஒழுங்கா பால் குடுக்காம மிஷினே கதின்னு ஓடிக்கினு இருந்த. அந்தப் பால்தான் கட்டிக்கினு இருக்குது. பெத்த புள்ள வயித்துல அடிச்சா அந்தப் பாவம் சும்மா வுடுமா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக ஓடினேன்? கான்ட்ராக்ட் வேலை நின்றுபோன மாதங்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது எதனால்? ஆனால் கேட்கவில்லை. ஒருவேளை நிஜமோ என்று உள்ளுக்குள் பயம். ஆளில்லாத பகல் நேரத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன்.

"தாயே, இது புத்துநோயா இருக்கக் கூடாது. எம்புள்ளைக்கு நான் செஞ்ச பாவமாவும் இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

குணமானால் அந்த உறுப்பின் வடிவத்தைத் தகட்டில் செய்து, அவள் காலடியில் உருவாக வைப்பதாக வேண்டிக்கொண்டு வந்தேன்.

அம்மன் இரண்டுக்கும் பதில் சொன்னாள், டாக்டரம்மாவின் வாயால். சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை. நான் விடவில்லை. பால் கொடுக்காததால் வந்ததா என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரும்மா இப்படியெல்லாம் சொல்றாங்க? உடம்புல சுரக்கிற ஹார்மோனைப் பிடிச்சுக்கிறதுக்கு மார்புல ரிசப்டர்னு ஒண்ணு இருக்கு. எல்லாப் பொம்பளைக்கும் இருக்கு. இந்தக் கட்டியிலயும் இருக்கு. அதான் மாசாமாசம் வீங்கி வலிக்குது. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். கட்டி வளர்ந்துகொண்டே இருந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உடம்பு தேறியதும் மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன்.

வேண்டுதலை முடிக்க, கோயில் வாசலில் உருத்தகடு விற்கும் கடைக்குப் போனேன். கண் இருந்தது. கை, கால், வயிறு, தொட்டில், முழு ஆள், மாடுகூட இருந்தது. மார்பு இல்லை. கேட்டதும் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்த, என்னோடு கோயிலில் விளக்குப் பூஜை செய்யும் பெண்கள் என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். முழு ஆளை வாங்கிப் போட்டால் எல்லாம் அதில் அடங்கிவிடும் என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மாட்டுக்கு உரு உண்டு, மார்புக்குக் கிடையாதா? எதைக் குணமாக்கினாளோ அதைச் சொல்ல அவள் சந்நிதியிலேயே கூசினால், அது என்ன பக்தி? வெறும் தகடு ஒன்று வாங்கினேன். கத்தரி கேட்டு வாங்கி நானே வட்டமாக வெட்டி, நடுவில் ஆணியால் புள்ளி வைத்தேன். எல்லோரும் பார்க்கத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பூசாரி அதை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். பெண்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கோயிலைச் சுற்றி வரும்போது, அந்தப் பெண்களோடு வந்திருந்த நாத்தனார் என் கையைப் பிடித்தார். பிடித்த கையைத் தன் முந்தானைக்குள் கொண்டுபோய் அக்குளுக்குப் பக்கத்தில் வைத்தார். கல் மாதிரி இருந்தது. நழுவவில்லை.

"ரெண்டு வருசமா இருக்குது. யாராண்டயும் சொல்லல" என்றார்.

மூன்று பிள்ளைகளுக்கும் நடக்கிற வயதுவரை பால் கொடுத்தவர் அவர்.

மறுநாள் காலையிலேயே அவரைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றினேன். அவருடையது புற்றுநோய்தான். ஆபரேஷன், மருந்து, முடி கொட்டியது எல்லாம் ஆனது. அந்த ரிசப்டர் அவர் கட்டியிலும் இருந்ததால், ஹார்மோன் அதில் போய் ஒட்டாமல் தடுக்கிற மாத்திரை கேட்கும் என்றார் டாக்டரம்மா. கேட்டது. அம்மன் அவரையும் காப்பாற்றினாள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கழித்த அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அவளை நம்புங்கள். எனக்குப் பதில் சொன்னவள் உங்களுக்கும் சொல்வாள். ஆனால் எங்கே வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கும்பிட்ட கையோடு டாக்டரிடம் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். நானும் என் நாத்தனாரும் கூட வருகிறோம்.