பேரில்லாத காகிதம்

வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் முசஃபாவிலிருந்து இரண்டு பஸ் மாறி இந்தத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறேன். என் தம்பி சேவியர் மீன்பிடிக்கப் போன லாஞ்சு கடலில் மூழ்கிவிட்டது. லாஞ்சு முதலாளி அதற்கான காகிதத்தைக் கொடுத்தால்தான் ஊரில் அவனுக்கு இறப்புச் சான்று கிடைக்கும்.

முதலாளியின் ஆள் வரும்வரை துறைமுக ஹாலில் காத்து நிற்கிறேன். அங்கே பிரெஞ்சுக் கடற்படைக் கண்காட்சி நடக்கிறது. இரண்டு உலகப் போருக்கும் நடுவே ஓடிய ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் கதையைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். எங்கே கட்டினது, எந்தெந்தத் துறைமுகத்தில் நின்றது, எப்போது எஞ்சினைப் பிரித்தது, எல்லாம் இருக்கிறது. ஒருநாள் பயிற்சிக்கு முங்கியது, மேலே வரவில்லை. ஆட்களுக்கு ஒரே வரி: யாரும் தப்பவில்லை. கர்த்தரே, அவர்களுக்கும் ஞானஸ்நானத்தில் பேர் வைத்திருப்பார்களே.

முதலாளியின் ஆள், இந்த நாட்டு வாலிபர், காகிதத்தை நீட்டுகிறார். லாஞ்சு நம்பர், எஞ்சின் நம்பர், வலையின் நீளம்கூட இருக்கிறது. கீழே, ஆட்கள் நாலு.

“தம்பி பேர் எங்க பாய்?” இந்தியில் கேட்கிறேன்.

“லாஞ்சுக்குத்தான் காகிதம். கலாஸ், முடிஞ்சது, கிளம்பு.”

“எங்க கோயில்ல லாஞ்சுக்குப் பூசை வைக்கமாட்டாங்க. பேரை எழுதுங்க.”

நான் நகரவில்லை. அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து ‘சேவியர்’ என்று எழுதுகிறார்.

“இன்னும் மூணு பேர் இருக்காங்க.”

“அவங்களும் உன் தம்பிங்களா?”

“இல்ல. பேரைச் சொல்றேன், எழுதுங்க.”