அழுமூஞ்சிப் பொத்தான்

கல்லூரியில் மாணவர்களிடம் கருத்துக் கேட்பது, பந்தியில் இலையைப் பார்க்காமல் "போதுமா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பதைப் போன்ற வேலை. கேட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர்களும் போதும் என்றுதான் சொல்வார்கள். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் பல வருடங்கள் ஒரு பத்திரிகையில் சிறுவர் பக்கம் பார்த்தவள். அந்தப் பக்கம் நின்றுபோன பிறகு, கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் 'மாணவர் கருத்து ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு நாற்காலி கிடைத்தது. சேர்ந்த பிள்ளைகள் நடுவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு, ஒரு பிள்ளை போவதற்கு முன்பே ஏன் போகப்போகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். சொல்வதற்கு எளிது.

ஐந்து முகங்கள்

எங்கள் தாளாளர் ஏதோ ஒரு விமான நிலையத்தில் அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு வந்து, மாடிக்கு ஒன்றாக வாங்கி மாட்டிவிட்டார். சுவரில் ஒரு சிறிய பெட்டி. அதில் வரிசையாக ஐந்து முகங்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதில் தொடங்கி, கண்ணீர்விட்டு அழுவதில் முடியும். மனதுக்கு ஏற்ற முகத்தைத் தொட்டால் போதும், பெயர் வேண்டாம். எந்த மாடியில் எந்த முகத்தைத் தொட்டாலும் அந்த நொடியே என் கைபேசியில் மணி அடிக்கும்.

முதல் வாரம் முழுக்கச் சிரிப்புதான். மெஸ்ஸில் சாம்பார் தீய்ந்துபோன அன்றும் சிரிப்பு. அன்றைக்கு ஒரு பையன் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே வந்து, சிரிக்கும் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனான். நிறுத்தி, "ஏன் கண்ணு, நல்லாயில்லைன்னு இப்பத்தானே சொல்லிட்டு வந்தே?" என்று கேட்டேன். அவன் அந்தப் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நல்லாயில்லீங்க மேடம். அதுக்காக அதையப் போயி அழ வெக்கறதுங்களா?"

ஒரு குத்தமும் இல்லை

கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகன் ஒருவன் வகுப்புக்கு வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். பாடம்? "நல்லா இருக்குதுங்க." ஆசிரியர்கள்? "நல்லா இருக்காங்க." விடுதி? "அதும் நல்லா இருக்குதுங்க." நானும் நம்பி, 'திருப்தி' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவனுடைய அப்பா வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த டீயை வேண்டாம் என்று சொல்லாமல், குடிக்காமல், கையிலேயே வைத்திருந்தார். என்ன குறை என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். அவர் சங்கடத்தோடு எழுந்து நின்று சொன்னார்: "காலேஜ் மேல ஒரு குத்தமும் சொல்றதுக்கில்லீங்க அம்மணி. டி.சி.ய மட்டும் குடுத்துப்போட்டீங்கன்னா நாங்க கெளம்பிருவோம்."

பல்லி

அன்றிலிருந்து யாராவது 'எல்லாம் நல்லா இருக்குதுங்க' என்றால் எனக்கு முதுகு சில்லிட்டுவிடும். எங்கள் பக்கத்தில் குறை சொல்கிற பிள்ளை இருக்கப்போகிற பிள்ளை. பாராட்டுகிற பிள்ளை பெட்டியைக் கட்டிவிட்டது என்று அர்த்தம்.

பொங்கல் விடுமுறையில் கல்லூரி வெறிச்சோடிக் கிடந்தது. வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கைபேசி மணி அடித்தது. பழைய கட்டடம், மூன்றாம் மாடி, அழும் முகம். மறுநாளும் அதே பொழுதில் அதே முகம். விடுமுறை முடிந்தும் நிற்கவில்லை. அந்த மாடியில் ஆள் நடமாட்டமே கிடையாது. அங்கே இருந்த துறையில் சேர ஆளில்லாமல் போன வருடம்தான் மூடியிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் செல்வராஜ் பெட்டியைக் கழற்றித் துடைத்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று திரும்ப மாட்டினார். கண்ணாடிமேல் பல்லி ஓடியிருக்கும் என்றேன். கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "பல்லின்னா அஞ்சு மூஞ்சி மேலயும் ஓடோணுமுங்களே மேடம். இது மத்த நாலையும் தாண்டிப் போயி அந்த ஒண்ணை மட்டும் தொடுதுங்க."

ஈர விரல்

யாரோ போகப்போகிறார்கள். அது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு மதியம் நானே படியேறினேன். பக்கத்து ஊர் விசைத்தறிகளும் சாப்பாட்டுக்கு நின்றிருந்தன. எப்போதும் காதில் இருக்கும் அந்தச் சத்தம் இல்லாதபோது, கட்டடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. வகுப்பறைகளில் மேசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் தூசி. ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் மட்டும் தூசியே இல்லை. அதில் உட்கார்ந்து காத்திருந்தேன். கையில் இருந்த கைபேசி மணி அடித்தது. வெளியே ஓடிவந்தேன். நடையில் யாரும் இல்லை. படியில் காலடிச் சத்தமும் இல்லை. அழும் முகத்தின்மேல் ஈரமான ஒரு விரல்தடம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்து மறைந்தது.

கீழே வந்தால் துணை முதல்வர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக் குழு வரப்போகிறது, அந்த மாடியால் கல்லூரியின் சராசரி இறங்குகிறது, பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார். பெட்டியைக் கழற்றினால் அழுகிற பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றேன். இந்த வாரம் மட்டும் பொறுப்பதாக ஒப்புக்கொண்டார். போகும்போது மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அழற சத்தம் கேக்கலைன்னா, அழுகை நின்னுபோன மாதிரித்தானுங்களே மேடம்."

கேள்விச் சீட்டு

சிறுவர் பக்கத்தில் ஒரு பாடம் படித்திருந்தேன். 'கதை பிடித்ததா?' என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் பிடித்தது என்று எழுதும். 'எந்த இடத்தில் கொட்டாவி வந்தது?' என்று கேட்டால் உண்மை வந்துவிடும். அதனால் தினமும் ஒரே ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதி, மூன்றாம் மாடிப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன். 'பாடம் புரிகிறதா?' மணி அடித்தது, புன்னகை முகம். 'சாப்பாடு?' நடு முகம். 'வகுப்பில் பேச ஆள் இருக்கிறதா?'

அழும் முகம். நான் பார்த்து முடிப்பதற்குள் மறுபடியும் அழும் முகம். மறுபடியும். கைபேசியைக் கவிழ்த்து வைத்த பிறகும் அது மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்து மேசை சாந்தி தன் நாற்காலியை மெல்லத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "ஏனுங்க மேடம், சின்ன வயசுல காசு வெச்சு ஆவி கூப்புடுவாங்களே, அதைத்தானே நீங்க சம்பளம் வாங்கிட்டுப் பண்ணறீங்க?"

சிரிப்பு

மறுநாள் 'என்னிடம் பேசலாமா?' என்று ஒட்டிவிட்டு வந்தேன். மதியம் மணி அடித்தது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் முகம். மூன்றாம் மாடியிலிருந்து அதுவரை வராத முகம். "பாருங்க, சரியாயிருச்சு" என்று சாந்தி சந்தோஷப்பட்டாள். எனக்கு அது பெட்டி கட்டிய சிரிப்பாகப் பட்டது. மாடிக்குப் போகாமல் கல்லூரி வாசல் கேட்டுக்கு ஓடினேன்.

பஸ் நிறுத்தத்தில் பெரிய பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "காலேஜ் ரொம்ப நல்லா இருக்குதுங்க மேடம்" என்றாள். அவள்தான் என்று தெரிந்துபோனது. பெயர் தாரணி. அப்பா சென்னிமலையில் போர்வை நெய்கிறவர். வந்த பஸ்ஸைப் போகவிட்டு, அவளோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். மூடிய துறையின் மாணவி அவள். மற்றவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போக, இவளை மட்டும் 'மெர்ஜர்' என்று கம்ப்யூட்டர் துறையோடு சேர்த்திருக்கிறார்கள். வருகைப் பதிவின் கடைசியில் பேனாவால் எழுதிய பெயர். ஆசிரியர்கள் அந்தப் பெயருக்கு வந்ததும் "மெர்ஜர் வந்தாச்சா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்களாம். மதியம் பழைய வகுப்பில் தன் பழைய பெஞ்சில் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, போகும்போது முகத்தைத் தொடுவாளாம். நான் உட்கார்ந்திருந்த அன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பொங்கலுக்கும் விடுதியிலேயே இருந்துவிட்டாள். வீட்டில் காலேஜ் எப்படி என்று கேட்டால் சொல்லப் பதில் இல்லை. "காலேஜ் தெறந்ததுலேர்ந்து எம்பேரை ஒருத்தருமே கூப்புடலீங்க மேடம். எனக்கே மறந்து போயிருமாட்ட இருக்குதுங்க."

மறுபடியும் மணி

அன்றைக்கு அவள் பஸ் ஏறவில்லை. திங்கள்கிழமை வரை பார்க்கிறேன் என்றாள். அதற்குள் அவள் பெயரை வருகைப் பதிவின் அகர வரிசையில் அதற்குரிய இடத்தில் ஏற்றவைத்தேன். ஒவ்வோர் ஆசிரியரையும் போய்ப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டேன். வகுப்புப் பெண்கள் அவளை மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். திங்கள் வந்து போனது, தாரணி போகவில்லை. மூன்றாம் மாடி அமைதியானது. ஆய்வுக் குழுவும் வந்து, டீ குடித்துவிட்டுப் போனது. பெட்டியைக் கழற்றுவதைத் துணை முதல்வரே மறந்துவிட்டார்.

பிறகு ஒரு மதியம் மணி அடித்தது. மூன்றாம் மாடி, அழும் முகம். நேராக மெஸ்ஸுக்குப் போனேன். தாரணி தோழிகளோடு உட்கார்ந்து தயிர்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தட்டில் ஊறுகாய் குறைவாக விழுந்ததற்கு ஒரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. கைபேசியை அவள் முன்னால் நீட்டினேன். நிதானமாகப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "அங்க நான் மட்டுந்தான் இருந்தேன்னு உங்களுக்கு யாருங்க மேடம் சொன்னது?"

ஆகவே, அந்த மாடியில் அழுவது யார் என்று இன்றுவரை தெரியாவிட்டாலும், அழுதுகொண்டிருக்கும்வரை அவர் நம் கல்லூரி மாணவர்தான் என்ற நிம்மதியோடு, தினமும் ஒரு கேள்விச் சீட்டை ஒட்டிவிட்டு வருகிறேன்.