நாலு மூணா, அஞ்சு ஒண்ணா

எங்கள் வண்டியில் ஏற எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் மேல் நின்று, வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, உடம்பை உள்ளே தள்ள வேண்டும். இடது கையால் எதையும் பிடித்துத் தொங்கக் கூடாது. டயாலிசிஸ் ஊசி ஏறுவது அந்தக் கையில்தான். நான் உள்ளே போய் விழுந்ததும் என் வீட்டுக்காரர் ஸ்டூலை எடுத்துப் பின்னால் தொட்டியில் போடுவார். எதிர்வீட்டு அம்மா செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் மாடியில் நின்று இதைப் பார்ப்பாள். பார்க்கட்டுமே, நமக்கென்ன.

இந்த பிக்கப் முதலில் சேலை கட்டிக்கொண்டு ஏறும்படிதான் இருந்தது. நாங்கள் குடியிருப்பது தாம்பரத்தை ஒட்டி முடிச்சூர்ப் பக்கம். ஒரு மழையில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை குரோம்பேட்டைக்கு டயாலிசிஸுக்குப் போக முடியவில்லை. சனிக்கிழமையும் முடியவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடித்த தண்ணீர் எங்கே போகும்? உள்ளேயேதான் நிற்கும். கால் வீங்கி, மூச்சு முட்டி, படுக்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மீன்பிடிப் படகு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது.

அதோடு மனுஷனுக்கு வெறி பிடித்துவிட்டது. வண்டியை நாலு அங்குலம் உயர்த்தினார். பார்த்தாலே பயப்படும்படி பெரிய டயர் மாட்டினார். "இனிமே எந்தத் தண்ணி வந்தாலும் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது, உண்மைதான். ஆனால் வண்டி நகர வேண்டுமே! பல்லாவரம் மேம்பாலத்தில் இரண்டாம் கியரிலேயே முக்கியது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா சார், தள்ளணுமா?" என்று கேட்டார். மானம் போயிற்று.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்தான் காரணம் சொன்னார். டயர் பெரிதானதால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. அதை இழுக்க இன்ஜினுக்குத் தெம்பு போதவில்லை. முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் உள்ளே இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். எங்கள் அச்சுக்குக் கிடைப்பது இரண்டே கணக்கு. ஒன்று நாலு மூணு: இன்ஜினிலிருந்து வரும் தண்டு நாலு புள்ளி மூன்று சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இன்னொன்று அஞ்சு ஒண்ணு.

"நாலு மூணு போட்டா பழையபடி ஓடும் சார், ஹைவேல எண்பதுல ஜம்முனு போவலாம். ஆனா தண்ணில, சேத்துல மெதுவா இழுக்க அவ்ளோ பத்தாது. அஞ்சு ஒண்ணு போட்டா எதுல வேணா இறக்கலாம், இழுத்துகினு வெளிய வந்துரும். ஆனா அறுபதத் தாண்டுனா கத்தும்."

"ரெண்டுக்கும் நடுவுல?" என்றேன்.

"ரெண்டும் வேணும்னா பேஜாருக்கா, நடக்காது. ஒண்ணு சொல்லுங்க."

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை மூன்று வாரம் ஓடியது. என் வீட்டுக்காரர் பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார். ஒரு நோட்டு முழுக்க டயர் விட்டம், பல் எண்ணிக்கை என்று போட்டு அஞ்சு ஒண்ணுதான் என்று முடிவு கட்டிவிட்டார். எனக்கோ கணக்கு வேறு. வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் மூன்று நாள் எனக்குச் சொந்தம். போக ஒரு நாள், இருக்க ஒரு நாள், திரும்ப ஒரு நாள். எண்பதில் போனால் தூத்துக்குடியில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அறுபதில் என்றால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு நடக்காது. முன்பு ஒரு தடவை ரயிலில் போய்விட்டுக் காய்ச்சலோடு திரும்பினேன். அதற்குப் பிறகு அவர் இந்த வண்டியைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. அக்காவுக்கு முட்டி போய்விட்டது, அவளால் வர முடியாது. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

"உங்களுக்குத் தண்ணியில போற வண்டி வேணும். எனக்கு இந்தத் தண்ணிய விட்டு வெளிய போற வண்டி வேணும்!" என்று ஒரு நாள் கத்தினேன். "தாம்பரம், குரோம்பேட்டை, தாம்பரம், குரோம்பேட்டை. செக்குமாடு கூட இதைவிட நல்லா இருக்கும்."

"உயிரோட இருந்தாத்தான் அக்காவைப் பாக்க முடியும்" என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிறகு ஷெட்டுக்குப் போனோம். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னா சார், எது போடறது? இன்னிக்கே பார்ட்ஸ் சொல்லணும்" என்றார். நான் சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "நாலு மூணே போடுப்பா. அவங்க அக்காவைப் பாத்துட்டு வரட்டும். ஆசைப்படறா" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்க வேண்டும். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். ஃபேனை மூன்றில் வைப்பதா நாலில் வைப்பதா என்பதற்குக்கூட இறங்கி வராத மனுஷன் அவர். முந்தின வாரம் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். என்னங்க சொன்னார் என்றதற்கு, மாத்திரை மாத்தறாங்களாம் என்றார். நானும் நம்பிவிட்டேன். 'ஆசைப்படறா.' என் அம்மாவுக்கு முடியாமல் போன கடைசி மாதத்தில் வீட்டில் எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஐஸ்கிரீமா, கொடுங்க, ஆசைப்படறா. சர்ச்சுக்கா, தூக்கிட்டுப் போங்க, ஆசைப்படறா.

"அஞ்சு ஒண்ணு போடுங்க தம்பி" என்றேன்.

"அக்கா, அப்புறம் ஹைவேல உருட்டிகினுதான் போவணும்."

"உருட்டிக்கலாம். வர்ற மழைக்கு வண்டி வேணும். அதுக்கு அடுத்த மழைக்கும் வேணும்." மெக்கானிக்கிடம்தான் பேசினேன். ஆனால் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன். "நான் இருப்பேன்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். "நான் ஆரம்பத்துலேர்ந்து அதைத்தானே சொல்லிட்டிருக்கேன், கேட்டியா நீ?" என்று ஷெட்டே திரும்பிப் பார்க்கும்படி எரிந்து விழுந்தார். அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது வண்டி எந்த மேட்டிலும் மாடு மாதிரி ஏறுகிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அன்றைக்கும் போய்ச் சேர்ந்தோம். அறுபதைத் தாண்டினால் காது கிழிகிறது. அதற்கப்புறம் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் நாங்கள் போனதில்லை, போகப்போவதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில், "எப்பதான்டி வருவே?" என்று அழுதாள். "நான் என்னக்கா பண்ணட்டும், இவர்தான் விடமாட்டேங்கறார்" என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "ஆமாங்க, நான்தான் விடல" என்றார்.