குழாய் போவது என் வாயில்

என் மஞ்சள் கண்ணுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த தையல் பிரிவுத் தோழிகளே, சாப்பாட்டு ரூம் போர்டில் இதை ஒட்டுகிறேன், படியுங்கள்.

இன்று வேலூரில் பெரிய டாக்டரைப் பார்த்தோம்.

"பித்தக் குழாய்ல கல் அடைச்சிருக்கு. வயித்தைக் கிழிக்க வேணாம். வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடலாம்" என்றார். எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரைப் பார்த்தே சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய தாளையும் அவரிடமே நீட்டினார்.

அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"குழாய் போகப் போறது என் வாய்ல, டாக்டர். என்கிட்ட சொல்லுங்க. கையெழுத்தும் நான்தான் போடுவேன்."

டாக்டர் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பி, முதலிலிருந்து சொன்னார்.

வியாழக்கிழமை குழாய் விடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், நானே பதில் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். 'குழாய்' என்றதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.