சாடிக்குக் காவல் இருந்த கல்யாணம்

தாத்தா தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய சீனச் சாடிகள் இரண்டு எங்கள் வீட்டில் இருந்தன. முழங்கால் உயரம், மயில் கழுத்து நீலம். ஒவ்வொன்றின்மேலும் தங்கப் பூச்சில் கால் முளைத்த பாம்பு ஒன்று சுற்றிச் சுற்றி ஏறும்.

தாத்தா போனபின் அப்பாவும் பெரியப்பாவும் வயலையும் தோப்பையும் சிரித்த முகத்தோடு பங்கிட்டார்கள். சாடியில்தான் சண்டை வந்தது. ஆளுக்கு ஒன்று என்று முடிந்தபோது பேச்சும் அறுந்துபோயிற்று. பெரியப்பா தச்சநல்லூருக்குக் குடிபோய்விட்டார்.

பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் தாத்தா காலத்தில் அந்தச் சாடிகளைப் பார்த்து மயங்கியவர். மணவறைக்கு இருபுறமும் அவற்றை நிறுத்த வேண்டுமென்று ஆசைப்பட்டார். தன்னிடம் ஒற்றைதான் இருக்கிறது என்று சம்பந்தியிடம் சொல்லப் பெரியப்பாவுக்கு வாய் வரவில்லை. பெரியம்மாவை எங்களிடம் அனுப்பினார்.

"சாடி மட்டும் வந்தாப் போதுமாமா, மயினி?" என்றார் அப்பா.

"உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ."

பெரியம்மா தானாகச் சேர்த்துக்கொண்ட பொய் அது என்று அப்பாவைத் தவிர எல்லாருக்கும் விளங்கியது.

வில்வண்டியில் அப்பா சாடியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். அதற்குச் சுற்றியிருந்தது அம்மாவின் கூறைப்பட்டு. நானும் அம்மாவும் பலகாரக் கூடையோடு கூடையாக ஒடுங்கினோம்.

பந்தலில் அப்பா தன் சாடியை விட்டு அசையவில்லை. அந்தப் பக்கம் பெரியப்பாவும் அவர் சாடிக்குப் பக்கத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். "யாராவது இடிச்சிருவாவ" என்று இருவரும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. இலை அங்கேயே வந்தது.

தாரை வார்க்க ஐயர் பெரியப்பாவைக் கூப்பிட்டார். அவர் சாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி சாடியைப் பார்த்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் பெரியப்பா வாயைத் திறந்தார்.

"லே, இதையும் கொஞ்சம் பாத்துக்கோ."

"சரி அண்ணாச்சி, நீங்க போங்க" என்றார் அப்பா. இரண்டு சாடிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

மறுநாள்தான் வினை வந்தது. இருவரும் கண்ணயர்ந்த நேரத்தில் பந்தல்காரர்கள் சாடிகளைத் தூக்கி ஒரே அறையில் வைத்துவிட்டார்கள். எது யாருடையதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

"நம்ம சாடியில பூச்சு இவ்வளவு தேயலியே" என்று வீட்டில் அப்பா புலம்பினார். சந்தேகம் தீராமல் மற்றதைப் பார்க்கத் தச்சநல்லூர் போனார். அடுத்த வாரம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தார். அதன்பின் இதுவே வழக்கமாயிற்று. வந்தவர்கள் சாடியைப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

"தெரிஞ்சுதா?" என்று அம்மா கேட்டால், "இன்னொரு தடவை போய்ப் பாக்கணும்" என்பார் அப்பா.